பின்வரிசைக் காவலர் ஜர்னைல் சிங்

மாலை வேளையில் நம் காலனி மைதானத்தில் பந்து உதைக்கும் சிறுவர்களை அழைத்து, எந்த இடத்தில் நின்று ஆட விருப்பம் என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் முன்வரிசையையே சொல்லுவர். எவன் கடைசியாக வந்தானோ, எவன் வாய் பேசாதவனோ அவனே பின்வரிசைக்குத் தள்ளப்படுவான். கோல் போட்டவன் பெயரை ஊர் சொல்லும். கோல் விழாமல் தடுத்தவன் பெயரை அவன் தாய்கூடக் கேட்டறிவதில்லை. இது நம் பிள்ளைகளின் குற்றமன்று; பத்திரிகைகளும் அவ்வாறே எழுதி வந்துள்ளன.

ஆயினும், இரயில்வேக் குடும்பங்களாகிய நமக்கு இதன் மறுபக்கம் தெரிந்ததே. வண்டியை இழுப்பவர் முன்னே இருக்கும் ஓட்டுநர். வண்டி முழுவதையும் ஒரே பார்வையில் காண்பவரோ கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியுடன் நிற்கும் கார்டு. எந்தப் பெட்டியின் கதவு திறந்திருக்கிறது, எங்கே புகை வருகிறது என்பதெல்லாம் அவர் கண்ணுக்கே முதலில் படும். 2022ஆம் ஆண்டு இரயில்வே நிர்வாகம் கார்டு என்னும் பழைய பதவிப் பெயரை நீக்கி டிரெயின் மேனேஜர் என்று புதுப் பெயர் சூட்டியபோது நம் அலுவலகத்தில் சிலர் நகைத்தனர். நமக்கு மட்டும் கால்பந்து நினைவே வந்தது. பின்னால் நின்று காத்தவன் ஒரு நாள் அணியையே நடத்துபவனாக உயர்வது அவ்வாட்டத்தில் பன்முறை நிகழ்ந்த வரலாறு. அத்தகைய வரலாறுகளுள் நம் நாட்டுக்கே உரிய ஒன்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம். அவர் பெயர் ஜர்னைல் சிங் தில்லான். ஜெனரல் என்னும் ஆங்கிலச் சொல்லே பஞ்சாபியர் நாவில் ஜர்னைல் ஆயிற்று. சேனாபதி என்பது பொருள். பெற்றோர் அறிந்தே வைத்தனர் போலும்!

ஜர்னைல் சிங் பிறந்தது 1936ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள். பிறந்த இடம் அன்றைய லாயல்பூர் மாவட்டம். இன்று அது பாகிஸ்தானில் உள்ளது. 1977 முதல் ஃபைசலாபாத் என்று அழைக்கப்படுகிறது. லாயல்பூரின் கதையே தனிச்சுவை உடையது. செனாப் ஆற்றிலிருந்து வெள்ளையர் ஆட்சி பெருங்கால்வாய் வெட்டி, மேய்ச்சல் தரையாகவும் பாழ்நிலமாகவும் கிடந்த பகுதியை 1890களில் விளைநிலமாக்கி, கிழக்குப் பஞ்சாபின் நெருக்கமான கிராமங்களிலிருந்து உழவர்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. அக்குடியிருப்புகளுக்குக் கால்வாய்க் காலனிகள் என்றே பெயர். ஊர்களுக்குப் பெயர்கூட இல்லை; எண்களே இருந்தன. எண்ணிட்ட குவார்ட்டர்ஸ்களில் வாழும் நமக்கு இது வியப்பளிக்காது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து, வந்த இடத்தைச் சொந்த ஊராக்கிக்கொண்ட மக்கள் நடுவில் அவர் பிறந்தார் என்பது மட்டும் நினைவிலிருக்கட்டும்.

அவ்வாறு ஆக்கிக்கொண்ட ஊரை ஒரே பருவத்தில் இழக்க நேர்ந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது சிறுவனுக்கு வயது பதினொன்று. லாயல்பூர் மாவட்டத்துச் சீக்கியரும் இந்துக்களும் மாட்டு வண்டிகளிலும் லாரிகளிலும் இரயில்களிலும் கிழக்கு நோக்கி வந்தனர். எதிர்த்திசையில் அதே அளவு மக்கள் மேற்கு நோக்கிச் சென்றனர். அவ்வாண்டு பஞ்சாபில் ஓடிய இரயில்கள் எவற்றைச் சுமந்தன என்பதை இரயில்வேக் குடும்பத்தார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஜர்னைலின் குடும்பம் ஹோஷியார்பூர் மாவட்டத்தை வந்தடைந்தது. பின்னாளில் எத்தனையோ ஆட்டக்காரர் அவர் மீது மோதி அவரை அசைக்க இயலாமற் போனதற்குக் காரணம் அவருடைய உடல்வலிமை என்பர். அவ்வலிமை உடலில் மட்டும் இருந்ததன்று என்பது நம் கருத்து.

ஹோஷியார்பூர் மாவட்டத்தில் மாஹில்பூர் என்றொரு சிற்றூர் உண்டு. வட இந்தியாவில் கால்பந்துக்கு அத்துணைப் புகழ் பெற்ற சிற்றூர் வேறொன்று இல்லை எனலாம். அங்குள்ள கால்சா கல்லூரி படிப்பையும் பந்தையும் ஒருங்கே கற்பித்தது. ஜர்னைல் அங்கே ஆடத் தொடங்கியபோது முன்வரிசை நடுவில், அஃதாவது சென்டர் பார்வர்டாக, ஆடினார் என்பதை வாசகர்கள் மறவாது வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அச்சிறு செய்தி பின்னால் ஒரு தங்கப் பதக்கமாக மாறப்போகிறது.

அக்காலத்தில் இந்தியக் கால்பந்தின் தலைநகர் கல்கத்தா. பஞ்சாபிலோ ஐதராபாத்திலோ ஒருவன் எத்துணைச் சிறப்பாக ஆடினாலும் கல்கத்தா மைதானத்தில் ஆடிக் காட்டாதவரை அவன் ஆட்டம் அரங்கேறாத நாட்டியமே. ஜர்னைலும் அங்கே சென்றார். முதலில் சேர்ந்தது ராஜஸ்தான் கிளப். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் என்னும் மூன்று பெருங்கழகங்களின் நிழலில், வங்கத்தில் குடியேறிய ராஜஸ்தானியர் பெயரைத் தாங்கி நின்ற கழகம் அது. வெளியூரில் சங்கம் வைத்து நடத்துவோர்க்கு அதன் அருமை விளங்கும்.

இங்கே நம் துறையின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் ஒப்பவில்லை. 1958ஆம் ஆண்டு கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது அம்மூன்று பெருங்கழகங்களில் எதுவுமன்று. கிழக்கு இரயில்வே அணி! பி. கே. பானர்ஜி என்னும் பிரதீப் குமார் பானர்ஜி அவ்வணியின் வலப்புற முன்னணி வீரர்; கடைசிவரை பெருங்கழகம் எதற்கும் செல்லாமல் இரயில்வேக்கே ஆடியவர். ஜர்னைலும் அவரும் பின்னர் இந்திய அணியில் தோளோடு தோள் நின்றனர்.

1959இல் ஜர்னைல் மோகன் பகானில் சேர்ந்தார். 1968 வரை அங்கேயே ஆடினார். அவர் காலத்தில் அக்கழகம் 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கல்கத்தா லீக்கையும், 1963, 1964, 1965 ஆகிய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டூரண்ட் கோப்பையையும் வென்றது. வங்காளியர் தம் கழகத்தை வெறும் ஆட்டக் கழகமாக எண்ணுவதில்லை. 1911இல் வெறுங்காலுடன் ஆடி வெள்ளையர் பட்டாள அணியை வென்று ஷீல்டு பெற்ற கழகம் அது. அத்தகைய கழகத்தின் காப்பரணாக, கொண்டை மீது துணி கட்டிய ஒரு பஞ்சாபியரை வங்கம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது என்பதும் குறைவு, தலைமேல் தூக்கிவைத்தது. மொழி வேறு, உணவு வேறு, வழிபாடு வேறு. காலின் உறுதி ஒன்றே இடம் பெற்றுத் தந்தது.

ஆட்டம் அறியாத தாய்மார்களுக்காக அவர் நின்ற இடத்தைச் சற்று விளக்குவோம். பழைய முறையில் கோல் காப்பாளருக்கு முன்னே இருவர் மட்டுமே காவல் நிற்பர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் அணி, பலர் வெறுங்காலுடன் ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அத்தோல்விக்குப் பின்னரே பூட்ஸ் அணிவது உறுதியாயிற்று; நடுவில் மூன்றாவதாக ஒருவரை நிறுத்தும் முறையும் வேரூன்றியது. அவ்வாறு நடுவில் நிற்பவரை ஸ்டாப்பர் என்பர். எதிரணியின் சென்டர் பார்வர்டு என்னும் மிக ஆபத்தான ஆட்டக்காரரை மறிப்பது அவர் கடன். உயர வரும் பந்தைத் தலையால் முட்டி அகற்ற வேண்டும். தரையில் வரும் பந்தைச் சறுக்கி விழுந்து பறிக்க வேண்டும். இருபுறமும் நிற்கும் தோழர்கள் தவறினால் ஓடிச்சென்று அடைக்க வேண்டும். முன்வரிசையில் நிற்பவர் பத்து முறை தவறி ஒரு முறை வென்றால் வீரர். ஸ்டாப்பரோ பத்து முறை வென்று ஒரு முறை தவறினால் தீர்ந்தார். ஜர்னைலின் சறுக்குத் தடுப்பு கல்கத்தாவில் பேர் பெற்றது. அவர் முரடர் என்று சொன்னோரும் உண்டு. முரட்டுத்தனம் முழுவதும் பொய் என்று நாமும் சொல்லோம். ஆனால் வெறும் முரடரைப் பத்தாண்டுக் காலம் எந்த நடுவரும் மைதானத்தில் விட்டுவைத்திருக்க மாட்டார்.

இவரைச் செதுக்கியவர் ஒருவர் உண்டு. அவரைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். ரஹீம் சாகிப் என்றே எல்லோரும் அழைத்தனர். அவர் பயிற்றிய ஐதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951இல் புது தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் பெற்றதும், 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றதும் அவர் காலத்திலேயே. ஒருவனைப் பார்த்தவுடன், அவன் எங்கே ஆடுகிறான் என்பதைவிட எங்கே ஆட வல்லவன் என்பதைக் காணும் கண் அவருக்கு இருந்தது. நல்லாசிரியரின் இலக்கணம் அதுவன்றோ!

1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஜர்னைல் நம் நாட்டுக்காக ஆடினார், பி. கே. பானர்ஜி அணித்தலைவர். ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்றோம். பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தோம். பெரு நாட்டிடம் 3-1 என்று தோற்றோம். எண்களை மட்டும் பார்த்தால் வெற்றி ஒன்றும் இல்லை. ஆனால் எட்டாண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய நாடு, ஐரோப்பாவின் தலைசிறந்த கால்பந்து நாடுகளுள் ஒன்றான ஹங்கேரியை இரண்டு கோலில் நிறுத்தியது என்றால், அதில் பின்வரிசையின் பங்கு எத்துணை என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அதுவே கடைசி.

இனி ஜகார்த்தாவுக்கு வருவோம். சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

1962 ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்கள்களில் இந்தோனேசியத் தலைநகரில் நான்காம் ஆசிய விளையாட்டு நடந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா வரவிடவில்லை. அது விதிக்கு மாறானது என்று குரல் எழுப்பியவர் குரு தத் சோந்தி. ஆசிய விளையாட்டு என்னும் எண்ணத்துக்கே வித்திட்டவர்களுள் ஒருவர், நம் நாட்டவர். நியாயம் அவர் பக்கம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அதன் விலையை அங்கிருந்த பிள்ளைகள் கொடுக்க நேர்ந்தது. ஜகார்த்தா நகரமே இந்தியர் மீது சினம் கொண்டது. செப்டம்பர் 3ஆம் நாள் இந்தியத் தூதரகம் கூட்டத்தாரால் தாக்கப்பட்டது. மறுநாளே கால்பந்து இறுதி ஆட்டம்.

அந்த இறுதி ஆட்டத்துக்கு அணி வந்து சேர்ந்த விதமும் எளிதன்று. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்று வென்றனர்; ஆனால் அவ்வாட்டத்தில் ஜர்னைலின் தலை பிளந்தது. தையல் போட வேண்டியதாயிற்று. மாற்று ஆள் இறக்க விதி இடம் தராத காலம் அது. அடுத்த ஆட்டத்தில் ஜப்பானை 2-0 என்று வென்றபோது ஜர்னைல் களத்தில் இல்லை. அவர் இடத்தை அருண் கோஷ் என்னும் வங்காள வீரர் ஏற்றுச் செவ்வனே காத்தார்.

அரையிறுதியில் எதிரி தென் வியட்நாம். இப்பொழுது ரஹீம் சாகிப்பின் முன் ஒரு சிக்கல். ஜர்னைலோ தலையில் கட்டுடன் ஆடியே தீருவேன் என்று நிற்கிறார். நடுக்காவலிலோ அருண் கோஷ் நன்றாகக் காலூன்றிவிட்டார். காயம்பட்ட தலையுடன் ஒருவரை, உயரப் பந்து ஓயாது வந்து விழும் கோல் வாயிலில் நிறுத்துவதா? நன்றாக ஆடும் ஒருவரை நீக்குவதா? சாதாரணப் பயிற்சியாளர் எவரும் ஜர்னைலை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ரஹீமோ மாஹில்பூர்க் கல்லூரி மாணவன் ஒருவன் என்றோ முன்வரிசை நடுவில் ஆடியதை நினைவில் வைத்திருந்தார். நாட்டின் தலைசிறந்த காவலரைக் காவலிலிருந்து எடுத்துச் சென்டர் பார்வர்டாக முன்னே அனுப்பினார்!

எண்ணிப் பாருங்கள். தலையில் தையல், ஆண்டுக்கணக்காக ஆடாத இடம், சுற்றிலும் பகை. பலர் இதைத் தண்டனையாகக் கருதியிருப்பர். ஜர்னைல் மறுத்ததாக எவரும் எழுதவில்லை. அரையிறுதியில் இந்தியா 3-2 என்று வென்றது. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோல் போட்டார். மூன்றாவதைப் போட்டவர் ஜர்னைல்.

செப்டம்பர் 4ஆம் நாள் செனாயன் அரங்கில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்கள். நம் நாட்டுப் பண் ஒலித்தபோதே கூச்சல் எழுந்தது. பந்து இந்தியர் காலுக்கு வந்தபோதெல்லாம் இரைச்சல். முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென் கொரியாவே எதிரே நின்றது. கோல் வாயிலில் பீட்டர் தங்கராஜ் நின்றார். ஐதராபாத்தில் பிறந்து, வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் இராணுவ வீரராகச் சேர்ந்து, 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பை வென்ற அம்மையத்து அணியின் கோல் காப்பாளராக நாடறிந்தவர். அவர் பெயரைக் கேட்டாலே நம்மவர் ஒருவர் அங்கே நின்றார் என்னும் உணர்வு நமக்கு எழுகின்றது. பின்வரிசையில் கேரளத்துச் சந்திரசேகர், வங்கத்து அருண் கோஷ், பஞ்சாபின் திரிலோக் சிங். முன்னே ஐதராபாத்தின் பலராமனும் யூசுப் கானும். நம் இரயில்வேயின் பானர்ஜி வலப்புறம். இந்தியா முழுவதும் பதினொரு பேராய்ச் சுருங்கி அங்கே நின்றது என்றால் மிகையாகாது.

பதினேழாம் நிமிடத்தில் பானர்ஜி முதற் கோலைப் போட்டார். இருபதாம் நிமிடத்தில் இரண்டாவது கோல். போட்டவர் தலையில் கட்டுடன் ஆடிய ஜர்னைல். மூன்று நிமிட இடைவெளியில் ஒரு இலட்சம் பேரின் வாய் அடைத்தது. எஞ்சிய ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கொரியர் முட்டி மோதியும் 85ஆம் நிமிடம்வரை வழி கிடைக்கவில்லை. அப்போது ஒரு கோல் போட்டனர், அவ்வளவே. 2-1. தங்கம் நமதாயிற்று.

அரங்கில் இந்தியாவுக்குக் கை தட்டியோர் மிகச் சிலர். அச்சிலருள் பாகிஸ்தானின் ஹாக்கி வீரர்களும் இருந்தனர் என்று அன்று ஆடியவர்கள் பின்னர் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளனர். லாயல்பூரை இழந்து வந்த ஒருவருக்கு அக்கைதட்டல் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று நாம் பன்முறை எண்ணியதுண்டு.

ரஹீம் சாகிப் அப்பொழுதே புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் மறைந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதற்குப்பின் இதுவரை தங்கம் பெறவில்லை. இவ்விரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகிறது. ஒரு மனிதர் மறைந்தால் ஓர் ஆட்டமே சரிந்துவிடுமா என்று கேட்கலாம். சரியத் தேவையில்லை, ஆனால் அவருக்குப்பின் அணியை நடத்தும் கலையைப் பலரும் பதவியாகக் கருதினர், தொழிலாகக் கருதியோர் சிலரே. தோக்கியோ ஒலிம்பிக்குக்கு நம் அணி தகுதி பெறவில்லை. 1964இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில், ஹாரி ரைட் என்னும் ஆங்கிலேயர் பயிற்சியில் இரண்டாம் இடம் பெற்றதே பெருஞ்செயல். ஜர்னைல் அவ்வணியிலும் இருந்தார். அவ்வாண்டுக்குரிய அர்ஜுனா விருதும் அவருக்கு வழங்கப்பட்டது.

சுனி கோஸ்வாமி பன்னாட்டு ஆட்டத்திலிருந்து விலகியபின் 1965 முதல் 1967 வரை ஜர்னைலே இந்திய அணித்தலைவர். 1966-67இல் ஆசிய நாடுகளின் தேர்ந்த வீரர்கள் கொண்ட அணிக்கும் அவரே தலைவராக்கப்பட்டார். ஒரு காவலருக்கு இதனினும் உயர்ந்த மரியாதை ஏது! எனினும் 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் சென்ற அணி முதற் சுற்றிலேயே வெளியேறியது. தலைவர் அதே மனிதர்தாம். பின்னே நின்று பார்த்து ஆளை இடம் மாற்றி வைக்கும் அந்த ஆசிரியர்தாம் இல்லை. ஜர்னைலுக்கு அதைவிடக் கசப்பான பாடம் கிடைத்திராது.

1968இல் மோகன் பகானை விட்டுப் பஞ்சாபுக்குத் திரும்பினார். புகழ் பெற்ற ஆட்டக்காரர் பலர் கல்கத்தாவிலேயே தங்கிவிடுவது வழக்கம். அங்கே தெருவில் இறங்கினால் வணங்க ஆளுண்டு. பஞ்சாபில் நிலை வேறு. மாநிலங்களுக்கிடையே நடக்கும் சந்தோஷ் டிராபி 1941இல் தொடங்கியது. அதில் வங்கம் எண்ணற்ற முறை வென்றிருந்தது. பம்பாய், ஐதராபாத், மைசூர் வென்றிருந்தன. நம் இரயில்வே 1961, 1964, 1966 ஆகிய பருவங்களில் வென்றிருந்தது. இத்தனை வீரர்களைக் கல்கத்தாவுக்கு ஈந்த பஞ்சாப் மட்டும் ஒரு முறையும் வென்றதில்லை. விளைந்ததெல்லாம் வெளிச்சந்தைக்குப் போய், வீட்டில் பானை காலியாயிருந்த கதை!

1970-71 பருவத்தில் ஜலந்தரில் நடந்த போட்டியில் பஞ்சாப் இறுதி ஆட்டத்தில் மைசூரை வென்று முதன்முறையாக அக்கோப்பையை ஏந்தியது. ஜர்னைலின் பயிற்சியே அதன் பின்புலம். அவரைவிட இளையவராகிய இந்தர் சிங் முன்வரிசையின் உயிர். பக்வாரா ஊர்க்காரர், கல்கத்தாப் பெருங்கழகங்களின் அழைப்புக்கு இணங்காமல் பஞ்சாபிலேயே நின்று ஆடியவர். மண்ணை விட்டுச் சென்று புகழ் பெற்றுத் திரும்பிய காவலரும், மண்ணை விடாமலே புகழ் பெற்ற முன்னணி வீரரும் ஒருவர்க்கொருவர் நன்கு பொருந்தினர்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1974-75 பருவம். மீண்டும் ஜலந்தர், பயிற்சியாளர் ஜர்னைல் சிங். இந்தர் சிங் அந்த ஒரு போட்டியில் மட்டும் 23 கோல் போட்டார். அச்சாதனை இன்றும் வியந்து பேசப்படுகிறது. இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தது வங்காளம். ஜர்னைலைத் தலைமேல் தூக்கிவைத்த அதே வங்காளம். முடிவு 6-0.

ஆறு! கால்பந்தையே மூச்சாகக் கொண்ட வங்கத்துக்கு அது எப்படிப்பட்ட அடி என்பதைக் கல்கத்தாவில் சில ஆண்டு வேலை பார்த்த நம்மவர் அறிவர். ஆறு என்னும் எண்ணைவிட, மற்றோர் எண்ணையே ஜர்னைல் மனநிறைவோடு பார்த்திருப்பார் என்பது நம் எண்ணம். அது பூஜ்யம். ஆறு கோலும் இந்தர் சிங் முதலான முன்வரிசையின் பெருமை. வங்கத்தின் முன்வரிசை ஒரு கோலும் போடாமல் திரும்பியது, பழைய காவலர் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்த பாடம். தம்முடைய கலையைப் பின்வரிசைக்குக் கொடுத்துவிட்டு, தமக்குக் கிட்டாத சுதந்திரத்தை முன்வரிசைக்கு அளித்தார். காவலராய் இருந்தவர் பயிற்சியாளரானால் ஆட்டம் அச்சத்தால் சுருங்கும், கோல் காப்பதே குறியாகும் என்று சொல்லுவோர் உண்டு; உலகில் பல இடங்களில் அது உண்மையுமாம். ஜகார்த்தாவில் இரண்டே ஆட்டங்களுக்குச் சென்டர் பார்வர்டாக நின்றவருக்கு இரு கரையும் தெரிந்திருந்தது.

பயிற்சியாளராக அவர் பெற்ற இவ்வெற்றிகளைப் பற்றி அக்காலத்திலும் மிகுதியாக எழுதப்படவில்லை. 23 கோல் என்னும் கணக்கு எழுத எளிது. ஒருவரை எங்கே நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பதை எழுத இடமும் பொறுமையும் வேண்டும். அருண் கோஷின் வரலாறும் இதே போன்றது. ஜகார்த்தாவில் ஜர்னைலின் இடத்தைக் காத்த அவரும் பின்னாளில் இந்திய அணிக்கே பயிற்சியாளரானார். 1951இல் முதல் தங்கம் பெற்ற அணியின் தலைவர் சைலேன் மன்னாவும் பின்வரிசைக்காரரே. நம் நாட்டுக் கால்பந்தின் இரண்டு தங்கங்களையும் தேடினால், அடியில் காவலர்களின் கால் தடமே கிடைக்கிறது.

ஜர்னைல் பஞ்சாப் அரசின் விளையாட்டுத் துறையில் பணியாற்றி இயக்குநர் பொறுப்புவரை உயர்ந்தார். கோப்புகளும் கையெழுத்துகளும் நிறைந்த வேலை. நாளெல்லாம் பேரேட்டோடு இருக்கும் நமக்கு அவ்வாழ்க்கை புதிதன்று; ஆனால் சறுக்கித் தடுத்த கால்கள் மேசையின் கீழ் அடங்கிக் கிடந்ததை நினைத்தால் சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே வருகின்றன. அக்காலத்து ஆட்டக்காரருக்கு ஆட்டத்தால் செல்வம் சேரவில்லை. வேலையே வாழ்வளித்தது, இரயில்வேயும் போலீசும் இராணுவமும் அரசுத் துறைகளும் இல்லையேல் இந்தியக் கால்பந்தே இருந்திராது.

2000ஆம் ஆண்டு அக்டோபரில் கனடா நாட்டு வான்கூவர் நகரில் ஜர்னைல் சிங் காலமானார். வயது அறுபத்து நான்கு. தங்கராஜ் 2008இலும், பானர்ஜியும் சுனி கோஸ்வாமியும் 2020இல் ஆறு வார இடைவெளியிலும், சந்திரசேகர் 2021இலும், பலராமன் 2023இலும் மறைந்தனர். 2024இல் வெளிவந்த மைதான் என்னும் இந்தித் திரைப்படம் ரஹீம் சாகிப்பின் கதையைச் சொல்லியபோது, நம் காலனிப் பிள்ளைகள் சிலர் அதைக் கண்டுவந்து, தலையில் கட்டுடன் ஆடிய அந்த சர்தார்ஜி உண்மையில் இருந்தவரா, கதைக்காகச் சேர்த்தவரா என்று கேட்டனர். இருந்தவர்தாம்; லாயல்பூரில் பிறந்தவர், மாஹில்பூரில் ஆடக் கற்றவர், கல்கத்தாவில் பத்தாண்டுகள் கோல் வாயிலைக் காத்தவர்.